வினைவேகக் காரணிகள் கண்டறியப்பட்ட வரலாறு

வேதிவினை ஒன்றின் வேகம் வினைபடு பொருள்களின் செறிவு, வெப்பநிலை, வாயுக்களின் அழுத்தம், திண்மங்களின் புறப்பரப்பு, வினையூக்கி ஆகியவற்றைப் பொறுத்து அமைகிறது. இன்று பாடநூலில் ஒரே பட்டியலாகக் காணப்படும் இக்காரணிகள் 19ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு அறிஞர்களால் படிப்படியாக அறியப்பட்டவை.

செறிவு

1850இல் செருமானிய அறிஞர் லுட்விக் வில்லெல்மி, அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிவதை ஆராய்ந்தார். வினை நடக்கும்போது கரைசல் முனைவுற்ற ஒளியைத் திருப்பும் கோணம் மாறிக்கொண்டே வரும். எனவே வினையை நிறுத்தாமலேயே அதன் போக்கை அளக்க அவரால் முடிந்தது. எந்தக் கணத்திலும் வினைவேகம் அப்போது எஞ்சியுள்ள சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று அவர் கண்டார். ஆனால் இம்முடிவு அன்று கவனிக்கப்படவில்லை. வில்லெல்மி 1864இல் இறந்தார். பின்னாளில் வில்லெல்ம் ஆசுட்வால்டு இப்பணியின் சிறப்பை எடுத்துக்காட்டினார்.

அதே 1864இல் நார்வே நாட்டின் குல்ட்பர்க், வாகே ஆகியோர் நிறைத்தாக்க விதியை வெளியிட்டனர். நார்வே மொழியில் வெளிவந்ததால் அதுவும் பல ஆண்டுகள் பரவலாக அறியப்படவில்லை.

வெப்பநிலை

வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. மூலக்கூறுகளின் மோதல்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. இந்த முரண்பாட்டுக்குச் சுவீடனின் சுவாந்தே அரீனியசு 1889இல் விடை தந்தார். குறிப்பிட்ட அளவு ஆற்றலைப் பெற்ற மூலக்கூறுகளே வினைபுரிகின்றன; வெப்பநிலை உயரும்போது அவற்றின் எண்ணிக்கை விரைந்து கூடுகிறது. அந்தக் குறைந்தபட்ச ஆற்றலே கிளர்வு ஆற்றல் எனப்படுகிறது. வாண்ட் ஆஃப் 1884இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாக இருந்தது.

புறப்பரப்பும் வினையூக்கியும்

1823இல் டோபரைனர், நுண்துளைகள் நிறைந்த பஞ்சு வடிவப் பிளாட்டினத்தின் மீது ஐதரசனைப் பாய்ச்சியபோது அது காற்றில் தானே தீப்பற்றியது. பிளாட்டினமோ தீரவில்லை. இத்தகைய நிகழ்வுகளுக்கு 1835இல் பெர்சீலியசு வினையூக்கம் என்னும் பொருளில் 'கட்டாலிசிசு' என்று பெயரிட்டார். வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றுமேயன்றி அதன் சமநிலையை மாற்றாது என்பதை ஆசுட்வால்டு தெளிவுபடுத்தினார். அவருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமோனியா: காரணிகள் ஒன்றுகூடிய களம்

நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. குறைந்த வெப்பநிலையில் விளைச்சல் மிகும். ஆனால் வினை மிக மெதுவாக நடக்கும். வெப்பநிலையைக் கூட்டினால் வேகம் மிகும், விளைச்சல் குறையும். பிரிட்சு ஏபர் 1909இல் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தமும் ஆசுமியம் வினையூக்கியும் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தார். ஆசுமியம் அரிய உலோகம் என்பதால், ஆல்வின் மிட்டாசு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டறிந்தார். கார்ல் போசு உயரழுத்தக் கலன்களை வடிவமைத்தார். 1913இல் செருமனியின் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு மூண்ட முதல் உலகப் போரில் இந்த அமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது. இன்று உலகின் நைதரசன் உரங்களில் பெரும்பகுதி இம்முறையையே சார்ந்துள்ளது. காற்றில் நைதரசன் எப்போதும் நிறைந்தே இருந்தது. அதைப் பயிருக்கு உணவாக்கப் போதிய வினைவேகமே தேவைப்பட்டது.