இயன்முறை மருத்துவ முதுநிலைக் கல்வியும் சென்னையின் மேற்குப் புறநகரும்

இயன்முறை மருத்துவத்தில் பி.பி.டி. என்னும் இளநிலைப் பட்டம் பெற்றவர், எலும்பு–மூட்டு, நரம்பியல், இதயம்–நுரையீரல், விளையாட்டு போன்ற பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து இரண்டு ஆண்டுகள் படிப்பது எம்.பி.டி. என்னும் முதுநிலைப் படிப்பு. வகுப்புப் பாடம், நோயாளிகளிடம் பெறும் பயிற்சி, ஓர் ஆய்வேடு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். தமிழ்நாட்டின் பல கல்லூரிகள் கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, தண்டலம் சவீதா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே பட்டம் வழங்குகின்றன. போரூர், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, தண்டலம் என்று மருத்துவக் கல்வி நிறுவனங்கள் அடுத்தடுத்து அமைந்த இவ்வட்டாரத்தை ஒட்டியே அம்பத்தூர், ஆவடித் தொழிற்பகுதிகளும் இருக்கின்றன. இங்கு முதுநிலைப் பயிற்சியின் ஒரு பகுதி கல்லூரி மருத்துவமனையை விட்டு வெளியேறி, நோயாளி வேலை செய்யும் இடத்திலும் வாழும் வீட்டிலும் நடந்தாக வேண்டும்.

வரலாறும் சட்டமும்

இந்தியாவில் முறையான இயன்முறை மருத்துவக் கல்வி 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு தொடங்கியது. இளம்பிள்ளைவாதம் பரவலாக இருந்த காலம் அது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவானது. மருத்துவர் எழுதித் தரும் சிகிச்சையைச் செய்து முடிப்பவர் என்றே இத்துறையினர் நெடுங்காலம் கருதப்பட்டனர். 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. குறைந்தது இளநிலைப் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவர் தனித்தோ குழுவில் ஒருவராகவோ பணியாற்றலாம் என்று அது வரையறுக்கிறது. 2025இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட திறன்வழிப் பாடத்திட்டம், ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து இளநிலைப் படிப்பை ஐந்தாண்டுகளாக்கியது. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பின் பெரும்பாலும் மூன்றாண்டு படித்து டி.பி.டி. என்னும் தொழில்முறை முனைவர் பட்டம் பெற்றால்தான் தொழிலுக்கு வர முடியும். பிரிட்டனில் மூன்றாண்டு இளநிலைப் பட்டமே போதும். ஆகவே படிப்பின் நீளத்தை மட்டும் வைத்துத் தரத்தை அளக்க இயலாது. தனித்து முடிவெடுக்கும் பொறுப்பைச் சட்டம் தந்துவிட்டது. அந்த முடிவுகளை எடுத்துப் பழகும் களத்தைக் கல்வி தர வேண்டும்.

பயிற்சிக் களம்

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை முதல் பெரிய ஆலை வரை உண்டு. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக ஊர்தித் தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது. ஷிப்ட் முழுவதும் நின்றபடி இயந்திரம் ஓட்டுபவருக்கு இடுப்பு வலியோ தோள்பட்டைத் தசைநார் பாதிப்போ வந்தால், வலியைக் குறைப்பது சிகிச்சையின் பாதி. பழைய இயந்திரத்துக்கே அவரை அனுப்பலாமா, எத்தனை கிலோ தூக்கலாம், கை எட்டும் உயரத்தை மாற்ற வேண்டுமா என்பவை மறுபாதி. இவற்றுக்கான விடை சிகிச்சை அறைக் கட்டிலில் கிடைக்காது. பக்கவாதம் வந்தவரும் அப்படித்தான். மருத்துவமனையின் சமதளத்தில் இணைகம்பிகளைப் பிடித்து நன்றாக நடப்பவர், வீட்டில் குறுகிய மாடிப்படியிலும் குந்தி உட்காரும் கழிப்பறையிலும் திணறலாம். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயல்திறன், இயலாமை, உடல்நலம் குறித்த பன்னாட்டு வகைப்பாடு, உடற்குறையோடு நோயாளியின் சூழலையும் கணக்கில் எடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கோட்பாடும் அரசின் திட்டமும் வீட்டை நோக்கி நகர்ந்த பின், பயிற்சி மட்டும் மருத்துவமனைக்குள்ளேயே முடிந்துவிடுவது பொருந்தாது.

மறுப்புகளும் விடைகளும்

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவைக்குப் பிந்தைய வார்டிலும் பெறும் தேர்ச்சிக்குப் பட்டறை ஈடாகாது என்பது முதல் மறுப்பு. அது முற்றிலும் உண்மை. குறிப்பாக இதயம்–நுரையீரல் பிரிவு மாணவருக்கு மருத்துவமனையே முதன்மைக் களம். ஆனால் வார்டிலிருந்து வீடு திரும்பும் நுரையீரல் நோயாளி மூச்சிரைக்காமல் படியேறுகிறாரா என்று பார்ப்பதும் அதே சிகிச்சையின் தொடர்ச்சியே. களப்பணி இளநிலை மாணவருக்கு உரியது என்பது இரண்டாவது. வகுத்த பயிற்சியைச் செய்ய வைக்க இளநிலைத் தேர்ச்சி போதும்; வலி, வருமான இழப்பு, மீண்டும் காயம்படும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் எடைபோட்டு வேலைக்குத் திரும்பும் நாளைச் சொல்ல முதுநிலை மாணவரின் முதிர்ச்சி வேண்டும். வெளியிடத்தில் ஆசிரியரின் கண்காணிப்பு தளரும் என்பது மூன்றாவது, மிக வலுவான மறுப்பு. கண்காணிப்பில்லாத களப்பணி வெறும் இலவச உழைப்பாகிவிடும். எனவே முதல் மதிப்பீட்டின்போது ஆசிரியர் உடன் செல்ல வேண்டும். ஒவ்வொரு நோயாளி குறித்தும் மாணவர் எடுத்த முடிவும் அதன் காரணமும் பதிவேட்டில் ஏறி, வாரந்தோறும் துறையில் விவாதிக்கப்பட வேண்டும். ஆய்வேட்டுக்கே நேரம் போதவில்லை என்போர், தலைப்பையே இக்களத்திலிருந்து எடுத்தால் இரு வேலையும் ஒன்றாகும். தொழிலாளியின் உடல்நிலை பற்றிய குறிப்புகள் அவர் சம்மதமின்றி நிர்வாகத்துக்குப் போகக்கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். கல்லூரிகளை ஆய்வு செய்வோர் படுக்கைகளையும் கருவிகளையும் எண்ணுவதோடு இந்தப் பதிவேடுகளையும் படித்துப் பார்த்தால், மேற்குப் புறநகரின் கல்லூரிகள் தங்கள் பக்கத்திலேயே இருக்கும் உழைக்கும் மக்களுக்குப் பயன்படும் வல்லுநர்களை உருவாக்கும்.