நேர்ச்சையும் கடனும்: 'கோல் நித்ரே' உணர்த்துவது

முத்துக்குளித்துறையில் வாழும் எனக்கு நேர்ச்சை புதிதன்று. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கும் திருச்செந்தூர் முருகனுக்கும் மக்கள் செலுத்துவதைத் தமிழ் 'நேர்த்திக்கடன்' என்கிறது. இறைவனுக்குக் கொடுத்த வாக்கும் கடனே என்பது அதன் பொருள். யூத மரபும் அவ்வாறே கருதுகிறது. நேர்ந்துகொண்டதைத் தாமதியாமல் செலுத்து, நேராமலிருந்தால் பாவமில்லை என்கிறது விவிலியத்தின் உபாகமம் 23ஆம் அதிகாரம்.

அவசரத்தில் நேர்ந்து, நிறைவேற்ற இயலாமற்போனால் என்ன செய்வது? அதற்கான விடையே 'கோல் நித்ரே'. அரமேய மொழியில் 'எல்லா நேர்ச்சைகளும்' என்று பொருள். யோம் கிப்பூர் எனும் பாவக்கழுவாய் நாளின் தொடக்க மாலையில், தோரா சுருள்களை வெளியே எடுத்து, மும்முறை இதைப் பாடுவர். உள்ளபடி இது மன்றாட்டன்று; நேர்ச்சைகளிலிருந்து விடுவிக்கும் சட்ட அறிவிப்பு. 9ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் சிலர் இதை எதிர்த்தனர். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெயிர் பென் சாமுவேல், கடந்த ஆண்டின் நேர்ச்சைகளைக் குறித்த வாசகத்தை வரும் ஆண்டுக்கு உரியதாக மாற்றினார். இரு வழக்குகளும் இன்றும் உள்ளன. நமக்கு அருகே, 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டிய கொச்சி யூதரும் யோம் கிப்பூர் நோன்பைப் போற்றியவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் பின்னர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

யூதரின் வாக்கை நம்பலாகாது என்பதற்கு இதனைச் சான்றாக்கினர் பகைவர். 1240இல் பாரிசில் நடந்த விவாதத்தில் இக்குற்றச்சாட்டு எழுந்தது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் பலவற்றில் யூதருக்கெனத் தனி உறுதிமொழி இழிவான முறையில் வாங்கப்பட்டது. சங்கடம் தாளாமல், 1844இல் பிரவுன்ஷ்வைக்கில் கூடிய சீர்திருத்த ரபிகள் இதைக் கைவிடலாம் என்றனர்.

குற்றச்சாட்டு தவறானது. மனிதன் தன்னளவில் இறைவனுக்கு நேர்ந்தவற்றையே இவ்வறிவிப்பு தொடும். கடன் பத்திரம், கூலி, கூட்டாளிக்குத் தந்த சொல் எதுவும் இதனால் நீங்காது. அயலானுக்கு இழைத்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தும் வரை யோம் கிப்பூரும் போக்காது என்று மிஷ்னா விதிக்கிறது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் இவ்வரம்பையே முக்கியமாகக் கருதுகிறேன். நம் கடற்கரையில் முன்பணம் வாங்கிய மீனவர், பிடித்ததைக் கொடுத்தவரிடமே விற்க நேர்கிறது. அங்கே விலையைக் குறைத்தவர் கோயிலில் காணிக்கையைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடுமா? இறைவனிடம் பட்ட கடனை இறைவன் தள்ளுபடி செய்யலாம். வல்லத்தில் சென்றவருக்குச் சேரவேண்டியதை அவரிடமே தீர்க்க வேண்டும்.