மறைக்கப்பட்ட பெயர்: ‘பவர்ட் பை’ வரியின் சிறு வரலாறு

எங்கட வாசிப்பு வட்டத்தின் இணையத்தளத்தைக் கூகிளில் தேடிய நண்பர் ஒருவர் ஒருநாள் ஸ்கிரீன்ஷொட் ஒன்று அனுப்பினார். எங்கள் பெயருக்குக் கீழே, நூல் அறிமுகம் இருக்க வேண்டிய இடத்தில், ஆண்மை மாத்திரை விளம்பரம். தளத்தை நேரே திறந்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் வழமைபோலத்தான். கூகிள் வந்து வாசிக்கும்போது மட்டும் வேறு பக்கத்தைக் காட்டுகிற மாதிரி யாரோ உள்ளுக்குள்ள கோட் செருகியிருந்தார்கள்.

தளத்தைச் செய்து தந்தவர்கள் அதைத் ‘தங்கட சொந்த சிஸ்டம்’ எண்டுதான் விற்றார்கள். லொகின் பக்கத்தில் அவர்களின் இலச்சினை, அடியில் அவர்களின் பெயர். விளம்பரப் பிரச்சினை வந்த பிறகு பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு படத்தின் முகவரியிலும் ‘டபிள்யூபி-கொன்டென்ட்’ என்ற சொல் கிடந்தது. வேர்ட்பிரஸ்! யாரும் காசு கொடுக்காமல் இறக்கிப் பாவிக்கக்கூடிய மென்பொருள். அதை விற்றது பிழையில்லை, அதன் உரிமம் விற்பதற்கும் இடம் தருகிறது. ஆனால் பெயரை மறைக்கிற வேலையோடு சேர்த்து, ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்று நிர்வாகப் பக்கத்தில் வருகிற அறிவித்தலையும் மறைத்திருந்தார்கள். சிறு திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதி 2013 ஒக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் இருக்கிறது. அதையும் நிற்பாட்டி வைத்திருந்தார்கள். மூன்று வருசமாக ஒரு அப்டேட்டும் இல்லை. போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவும் இல்லை.

கோபம் அடங்கிய பிறகு, இந்தப் பெயர் மறைக்கிற பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடத் தொடங்கினோம். கதை இணையத்துக்கு முந்தியது.

இலவசமாகத் தரப்படும் மென்பொருளுக்கு ஆக்கியோர் கேட்ட கூலி அநேகமாகப் பெயர் மட்டும்தான். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் பி.எஸ்.டி. மென்பொருளை வெளியிட்டபோது, இதன் அம்சங்களைச் சொல்லி விளம்பரம் செய்தால் அந்த விளம்பரத்தில் எங்கள் பெயரையும் போட வேண்டும் என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை வைத்தது. நியாயமான கேள்விதான். ஆனால் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கட பெயரையும் அதே வாசகத்தில் சேர்த்தார்கள். 1997 இல் வந்த நெட்பி.எஸ்.டி. பதிப்பொன்றில் இப்படியான வாக்கியங்களை ரிச்சர்ட் ஸ்டோல்மன் எண்ணிப் பார்த்தார், 75 இருந்தன. கோயில் ரியூப்லைட்டில் உபயகாரர் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற கதைதான். 1999 ஜூலையில் பேர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

இணையப் பக்கங்களில் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் அடிவரி. மற்றது பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக இருக்கும் ‘ஜெனரேட்டர்’ என்ற குறிப்பு. 90களின் பிற்பகுதியில் மைக்ரோசொஃப்ட் ஃபிரொன்ட்பேஜில் செய்த பக்கம் எதையும் பிரித்துப் பார்த்தால், அதில் ஃபிரொன்ட்பேஜின் பெயரும் பதிப்பு எண்ணும் தானாகவே எழுதப்பட்டிருக்கும். பிறகு வந்த உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள்கள், அதாவது சி.எம்.எஸ்.கள், இதே பழக்கத்தை எடுத்துக்கொண்டன.

அவற்றுக்கு அந்தப் பெயர் வெறும் விளம்பரம் இல்லை. வேர்ட்பிரஸின் பிறப்பைப் பாருங்கோ. மிஷேல் வல்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற மென்பொருள் கவனிப்பாரற்றுப் போனது. அதைப் பாவித்துக்கொண்டிருந்த மற் முலன்வெக், இதை எடுத்துத் தொடரலாமே என்று 2003 ஜனவரியில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிற்றில் நானும் சேருகிறேன் என்றார். அந்த வருசம் மே 27 முதல் பதிப்பு வந்தது. ஜூம்லாவும் இப்படித்தான். 2005 இல் மாம்போ என்ற மென்பொருளை எழுதியவர்கள், அதன் பெயருக்கு உரிமை கொண்டாடிய தரப்போடு முரண்பட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கோட்டைக் கொண்டுபோக முடிந்தது, பெயரைக் கொண்டுபோக ஏலாது. ‘எல்லாரும் சேர்ந்து’ என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து புதுப்பெயர் எடுத்தார்கள். இப்படிப் பெயருக்காகவே பிரிந்தவர்கள் அதைப் பக்கத்தின் அடியில் எழுதி வைத்ததில் என்ன அதிசயம்?

ஆனால் பெயரை எழுதுவதில் ஆபத்து இருக்கிறது என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1996 மே மாதம் வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 ஆவணத்தில் டிம் பேர்னர்ஸ்-லீயும் மற்றவர்களும் ஒரு குறிப்பு வைத்தார்கள். சேர்வர் மென்பொருளின் பதிப்பைச் சரியாகச் சொன்னால், ஓட்டை தெரிந்த பதிப்புகளைத் தாக்குவது சுலபமாகிவிடும். ஆகவே அதைச் சொல்வதா விடுவதா என்பதைப் பாவிப்பவர் தீர்மானிக்க வசதி கொடுங்கள் என்று.

எட்டு வருசம் கழித்து அது மெய்யானது. 2004 டிசம்பர் 21 அளவில் சான்ரி என்ற புழு பரவியது. பி.எச்.பி.பி.பி. என்ற கலந்துரையாடல் மென்பொருளின் பழைய பதிப்புகள்தான் அதன் இரை. இரையைத் தேட அது கூகிளையே பாவித்தது. ஆயிரக்கணக்கான தளங்களை அழித்து எழுதிய பிறகு, கூகிள் அந்தத் தேடலை மறிக்கத் தொடங்கியதும் பரவல் அடங்கியது. பெயரை எடுங்கோ, அடிவரியை அழியுங்கோ என்ற அறிவுரை பெருகியது இந்தக் காலத்தில்தான். ஆனால் சான்ரி தேடியது அடிவரியை அல்ல. முகவரியில் வருகிற ‘வியூரொப்பிக்’ என்ற கோப்புப் பெயரைத்தான் தேடியது. அடிவரியை வடிவாகத் துடைத்து வைத்திருந்தவரும் அதே வலையில் விழுந்திருப்பார்.

ஒரு மென்பொருள் தன்னை எத்தனை இடத்தில் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ட்ருப்பலை விட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பில் மாணவராக இருந்த ட்ரீஸ் பைட்டார்ட் எழுதத் தொடங்கி, 2001 ஜனவரியில் வெளியிட்ட சி.எம்.எஸ். அது. ட்ருப்பல் தளங்கள் பக்கத்தை அனுப்பும்போது, இந்தப் பக்கம் எப்போதோ காலாவதியாகிவிட்டது, சேமித்து வைக்காதே, அடுத்த முறை புதிதாகக் கேள் என்று உலாவிக்குச் சொல்வதற்காக ஒரு பழைய திகதியையும் சேர்த்து அனுப்பும். எந்தப் பழைய திகதியும் போதும். ட்ருப்பல் அனுப்புவது 1978 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. ட்ரீஸ் பைட்டார்ட்டின் பிறந்தநாள். ஜெனரேட்டர் குறிப்பை எடுத்து, இலச்சினையை மாற்றி, அடிவரியை அழித்து, எல்லாம் முடிந்தது என்று ஒருவர் நிம்மதியாகப் படுக்கப் போனாலும், ஒவ்வொரு பக்கத்தோடும் ஆக்கியவரின் பிறந்தநாள் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதையும் மாற்றலாம்தான், அப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் தெரிந்திருந்தால்.

அதே ட்ருப்பலில் 2014 ஒக்டோபர் 15 பெரிய ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு சொன்னது: அறிவித்து 7 மணித்தியாலத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளம் எதுவும் கைமாறிவிட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணித்தியாலம்! தாக்குகிற நிரல்கள் ஒவ்வொரு தளத்தின் அடிவரியையும் நின்று வாசிப்பதில்லை. எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும், திறக்கிறது திறக்கும். 2016 இல் பனாமா ஆவணங்கள் வெளிவந்தபோது, மொசாக் பொன்சேகா சட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளத்தில் ட்ருப்பல் 7.23 இருந்ததைக் கண்டார்கள். 2013 ஓகஸ்டில் வந்த பதிப்பு. அங்கேயே பொதுவில் கிடந்த மாற்றக் குறிப்புக் கோப்பு ஒன்றுதான் அதைச் சொன்னது. ஆவணங்கள் அந்த வழியால்தான் போயின என்று யாரும் நிறுவவில்லை. அந்தக் கோப்பை அழித்திருந்தால் பழைய பதிப்பு புதுப்பதிப்பாகியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காக மறைப்பு முழுக்க வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 ஜனவரி 26 வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பை வெளியிட்டபோது, அதில் அடைக்கப்பட்ட மிக மோசமான ஓட்டை ஒன்றைப் பற்றி ஒரு வாரம் அளவில் வாய் திறக்கவில்லை. தானியங்கி அப்டேட் போய்ச் சேரட்டும் என்று பொறுத்திருந்து பிறகு சொன்னார்கள். சொன்ன பிறகும் திருத்தம் போடாதிருந்த தளங்களில் பத்து லட்சத்துக்கும் மேலான பக்கங்கள் அழித்தெழுதப்பட்டன. இந்த மௌனம் ஒரு வாரத்துக்கானது, ஒரு வேலை முடியும் வரைக்குமானது. பெயரை நிரந்தரமாக மூடிவைப்பது வேறு சங்கதி.

எங்கட தளத்தில் நடந்த மறைப்பு யாரிடமிருந்து? தாக்க வந்த நிரலுக்கு அது வேர்ட்பிரஸ் என்று தெரிந்திருந்தது. கூகிளுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது தளத்துக்குச் சொந்தக்காரரான எங்களுக்கு மட்டும்தான். பெயர் தெரிந்திருந்தால் கம்பஸில் படிக்கிற தம்பி தங்கை யாரிடமாவது கேட்டிருப்போம், கையேட்டைத் தேடியிருப்போம், வேறொருவரிடம் வேலையைக் கொடுத்திருப்போம். ‘சொந்த சிஸ்டம்’ என்றபடியால் திரும்பத் திரும்ப அந்த ஒரு தொலைபேசி இலக்கத்துக்கே எடுத்துக்கொண்டிருந்தோம், அவர்களும் கடைசியில் எடுக்கவில்லை. வைற் லேபிள் என்று இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். பெயரை மாற்றித் தருவதற்கென்றே பிளகின்கள் விற்பனைக்கு உண்டு. சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் எண்டு கையில் சொற்பக் காசோடு தளம் செய்யப் போகிற ஆக்கள்தான் இதில் மாட்டுப்படுவது.

தளத்தைத் துப்புரவாக்க எங்களில் இரண்டு பேருக்கு மூன்று இரவு போனது. பழைய பதிவுகள் சிலதை மீட்க ஏலாமல் போய்விட்டது. அதில் ஒரு அன்ரி எழுதிய நூலக நினைவுக் குறிப்பும் ஒன்று, அவரிடம் வேறு பிரதி இல்லை. பிறகு அடிவரியில் என்ன போடுவது என்று ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதப்பட்டோம். ஒன்றுமே வேண்டாம், வெறுமையாக விடுவம் என்று இரண்டு பேர் நின்றார்கள். கடைசியில் பதிப்பு எண்ணை மட்டும் மூலநிரலிலிருந்து எடுத்தோம். அது யாருக்கும் நன்றி சொல்வதில்லை, யாருக்கும் உதவுவதுமில்லை. லொகின் பக்கத்து இலச்சினையையும் கழற்றியாச்சு. ‘வேர்ட்பிரஸில் இயங்குகிறது’ என்ற வரியைத் தமிழில் எழுதிப் பக்கத்தின் அடியில் திரும்ப வைத்திருக்கிறோம்.