விரலால் காணும் மூளை

பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வெண்கோல் ஊன்றி நடப்போரைக் காணாதவர் நம்மில் அரியர். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்கி வருகிறது. பார்வையிழந்தோர்க்குப் பிரெய்ல் எழுத்தும் தொழிலும் கற்பித்த அச்சங்கமே, இருக்கும் பார்வையைக் காக்கவும் முனைந்தது. அதன் முயற்சியால் 1986இல் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை உருவாயிற்று.

கண் என்பது ஒளி நுழையும் வாயில் மட்டுமே. விழித்திரையில் விழும் ஒளி மின்குறிப்புகளாக மாறி, கண்ணொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் வழியே மூளையின் பின்பகுதியை அடைகிறது. உண்மையில் காண்பது மூளைதான். இளமையிலேயே பார்வையிழந்தோர் பிரெய்ல் புள்ளிகளைத் தடவி வாசிக்கும்போது அதே பகுதி இயங்குவதை 1996இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஒளி வாராத இடத்தை விரல் நிரப்பிக்கொண்டது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960களில் ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர் இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்தனர். பின்னர்த் திறந்தபோது கண்ணில் பழுதில்லை. ஆயினும் மூளை அதனைக் கைவிட்டிருந்தது. 1981இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

குழந்தைக்கும் இதுவே நிகழலாம். ஒரு கண் மங்கினும் மறுகண்ணால் கரும்பலகையைப் படித்துவிடும். குறையைத் தானும் அறியாது, நாமும் அறியோம். ஏழெட்டு வயதுக்குள் கண்டறிந்தால் திருத்துவது எளிது. ஆதலால், முதலாம் ஆண்டில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கச் செய்வோம்.