வறண்ட ஆற்றின் புனிதம்: வைகைச் சடங்குகளும் மழையும்

தமிழரின் ஆற்று வழிபாடு நீர்வளத்துக்குச் செலுத்தும் நன்றி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆடிப்பெருக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது சரியாகவே படும். குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரியில் புதுவெள்ளம் வரும் காலமும் விழாக்காலமும் அங்கே ஒன்றுகின்றன. மதுரையின் தலையாய விழாவோ, வைகை மணலாகக் கிடக்கும் சித்திரை முழுநிலவில் நடக்கிறது. வைகையின் புனிதத்துக்கு வேர் அதன் நீர்ப்பெருக்கில் இல்லை, நீர் வருமா வராதா என்ற நிச்சயமின்மையில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை ஏறத்தாழ 258 கி.மீ. ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், சமவெளி ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கிறது. அந்தச் சில வாரங்களில் வரும் நீரைக் கால்வாய்கள் வழியே நூற்றுக்கணக்கான கண்மாய்கள் வாங்கிக்கொள்ளும். மிஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும்; கடலைத் தொடுவது அரிது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது. 1959-இல் வைகை அணையும் வந்தது. சடங்குகளை உருவாக்கிய ஆற்றைக் காண விரும்பும் ஆய்வாளர், இவ்விரண்டையும் முதலில் கழித்துவிட வேண்டும்.

அப்படிக் கழித்துப் பார்த்தால் தலபுராணக் கதைகள் வேறு பொருள் தருகின்றன. திருவிளையாடற் புராணத்தில் வைகை பிறப்பது தாகத்துக்காக. மீனாட்சி கல்யாண விருந்தை உண்டு தீர்த்த குண்டோதரனின் நீர்வேட்கையைத் தணிக்கவே இறைவன் ஆற்றை வரவழைக்கிறார். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் அதே ஆறு கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அடைக்க அரசன் ஆணையிடுகிறான். ஆளில்லாத பிட்டுக் கிழவி வந்தியின் பங்கை இறைவனே கூலியாளாக வந்து ஏற்கிறார். இறைவனின் எளிமையைப் பேசும் கதையாக மட்டும் இதைப் படிப்பது பாதிப் படிப்பு. குடிமக்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற கடமையும், அதைத் தாங்க முடியாத ஏழையின் நிலையும் இதில் பதிவாகியுள்ளன. இதற்கான பிட்டுத் திருவிழா ஆவணி மூலத்தில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் வருகிறது. கரை பார்க்க வேண்டிய பருவமும் அதுவே.

சித்திரைத் திருவிழாவில் இந்த நிச்சயமின்மை இன்னும் வெளிப்படை. அழகர்கோயில் திருமாலான அழகர் ஆற்றில் இறங்கும்போது, கருப்பசாமி வேடமிட்ட அடியார்கள் தோல்பையில் நீர் சுமந்துவந்து அவர்மேல் பீய்ச்சுகிறார்கள். ஆற்றுக்கு வந்த தெய்வத்துக்கு மனிதர்கள் நீர் கொண்டுவருகிறார்கள்! தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ நூலில் இவ்வழக்கத்துக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். பின்வந்த பலர் அதை வேடிக்கையாகக் கண்டு கடந்துவிட்டனர். அழகர் சாபம் தீர்க்கும் முனிவரும் தவளை வடிவில் இருப்பவர், மண்டூகர். மழைக்குக் காத்திருக்கும் உயிர் தவளை. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. மூன்றும் நடந்துமுடிந்த வளத்துக்கு நன்றி சொல்லவில்லை, வரவேண்டிய மழையைக் கேட்கின்றன.

பரிபாடல் இதற்கு மறுப்பாகாதா என்று கேட்கலாம். கிடைத்துள்ள 22 பாடல்களில் வையைப் பாடல்கள் புதுப்புனலையும் நீராட்டையும் கொண்டாடுகின்றன, அது உண்மையே. ஆனால் அங்கும் நீராடும் கன்னியர் நிலம் வெம்பாதிருக்க வேண்டுகிறார்கள். ஆறு நிறைந்திருக்கும்போதே வறட்சியின் அச்சம் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. கொண்டாட்டம் அளவில் பெரிதுதான், வேண்டுதல் சிறியது. ஆயினும் பின்வந்த சடங்குகளில் நின்று வளர்ந்தது அந்தச் சிறியதே என்பது என் துணிபு.

இப்போது அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது. பக்தர்களுக்கு அது மகிழ்ச்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அணைக்காலத்து ஏற்பாடு. அந்த நீரைச் சான்றாக வைத்து இவ்விழாவை வெள்ளத்தின் விழா என்று எழுதுவது பிழை.