பெனார்த்தில் ஓர் இரவு

வேல்ஸின் தலைநகரான கார்டிஃப்பை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர் பெனார்த். 1972 ஏப்ரல் 8 அன்று அங்குள்ள பேஜட் அரங்கில் 'மேன்' குழு வாசித்தது. மிக்கி ஜோன்ஸ், டெக் லெனார்ட், மார்ட்டின் ஏஸ், டெரி வில்லியம்ஸ் என நால்வர். பாடலின் நடுவே முன்திட்டமின்றி வெகுதூரம் அலைந்து, பின் பாடலுக்கே திரும்புவது இந்த சைக்கடெலிக் ராக் கலைஞர்களின் இயல்பு.

அவ்வாண்டு செப்டம்பரில், குறைந்த விலையில், 8,000 பிரதிகள் மட்டுமே என்ற வரம்போடு அந்த இரவு இசைத்தட்டாக வந்தது. அரங்கின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகியிருந்தது. இடம்பெற்றவை மூன்றே உருப்படிகள். இசைத்தட்டின் ஒரு பக்கம் தாங்குவது ஏறக்குறைய இருபது நிமிடங்கள். இத்தகைய இசைக்கு அது மிகக் குறுகிய கலம். விடுபட்டவை தரத்தால் மட்டும் விலக்கப்பட்டவை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை.

2007இல் வந்த விரிவாக்கப்பட்ட மறுபதிப்பு முக்கியமாவது இங்கேதான். 1972 முடிவதற்குள் லெனார்டும் ஏஸும் குழுவில் இல்லை. இந்த நால்வர் அணி அப்போது ஸ்டுடியோ ஆல்பம் எதையும் விட்டுச்செல்லவில்லை. எனவே கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு நிமிடமும் அவ்வணிக்கான சான்று.

எனினும் பழைய தட்டை ஒதுக்கிவிட முடியாது. 1972இன் ரசிகர் வீட்டில் கேட்டது அந்த மூன்று உருப்படிகளையே. அவ்வணியின் புகழ் அவற்றின் மீதும் எழுந்தது. விரிந்த பதிப்பு அந்த இரவின் வரலாறு. குறுகிய பதிப்பு அதைக் கேட்டவர்களின் வரலாறு. ஜோன்ஸ் 2010இலும் லெனார்ட் 2017இலும் மறைந்துவிட்ட நிலையில், இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதே நியாயம்.