கரிசல் தடம் – 9: ஒரு வீடு, ஒரு மைதானம்

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு குட்டித் தீவு நாடு. சிவகாசிக்காரர்கள் போனால் நம்மூர் மாதிரி இருக்கிறதே என்பார்கள். அங்கே மாதா கோயில் திருவிழாக்களுக்கு ஊர்க்காரர்களே கூடி வெடி செய்கிறார்கள். அதன் தலைநகர் வலேட்டா 1566இல் எழுந்த நகரம். மொத்தப் பரப்பே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 1980இல் யுனெஸ்கோ அந்த ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது. கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் காலையில் கோட்டை, மத்தியானம் தேவாலயம், சாயங்காலம் துறைமுகம் என்று நடந்தே ஊரை முடித்துவிடுகிறார்கள்.

நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய ஊர் நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. கடல் கிடையாது, சுற்றிலும் கரிசல். விருதுநகருக்கு வருகிறவர்களோ எண்ணெய் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இது கோட்டை கட்டி வளர்ந்த ஊர் அல்ல, மூட்டை ஏற்றி வளர்ந்த ஊர். 1876இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்தபின் பருத்தியும் வத்தலும் பருப்பும் இங்கே வந்து குவிந்தன. இன்றைக்கும் துவரம்பருப்பு என்ன விலை, வத்தல் என்ன விலை என்பதற்குப் பத்திரிகைகள் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' போடுகின்றன. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் ஆனது 1923இல். போன வாரம் பார்த்தோமே, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் காலூன்றியதும் அதே காலத்தில்தான்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்து, பாதியில் நின்ற பையன் ஒருவன். 1903 ஜூலை 15இல் பிறந்தவன். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் உட்கார்த்திவைக்கப்பட்டவன். அவன் பிறந்து வளர்ந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவரின் வீடு என்று மனசில் ஒரு படம் வைத்துக்கொண்டு போகிறவர்கள், ஒருமுறை தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பி வருவார்கள். தெருவோடு தெருவாக ஒடுக்கமான முகப்பு. உள்ளே புகைப்படங்களும் அவர் புழங்கிய சாமான்களும். ஆத்தா சிவகாமி அம்மாள் கடைசிவரை இங்கேதான் இருந்தார். வீட்டுக்குத் தனியாக இழுத்த குடிநீர்க் குழாயை மகன் பிடுங்கச் சொன்ன கதையை, ஊரில் யாரைக் கேட்டாலும் நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள்.

காமராஜர் வீட்டோடு முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நான் கூட்டிப்போகிறவர்களை அங்கிருந்து தேசபந்து மைதானத்துக்கு நடத்திவிடுவேன். சித்தரஞ்சன் தாஸ் நினைவாகப் பெயர் வைத்த பொதுக்கூட்டத் திடல். பார்க்க ஒன்றுமில்லையே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மைதான், பார்க்க ஒன்றுமில்லை. நினைக்க இருக்கிறது.

1956 ஜூலை 27ஆம் தேதி காங்கிரஸ்காரரும் காந்தியவாதியுமான சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். முதலில் சூலக்கரை மேட்டில், பிறகு இந்த மைதானத்தில். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு கோரிக்கைகள். அவற்றில் ஒன்று, சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டு என்பது. அப்போது முதலமைச்சர் யார்? பக்கத்துத் தெருக்களில் ஓடித் திரிந்த அதே காமராஜர். அண்ணா வந்தார், ஜீவா வந்தார். உயிரை விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடினார்கள். கிழவர் அசையவில்லை. அரசும் அசையவில்லை. மதுரை மருத்துவமனையில் அக்டோபர் 13ஆம் தேதி உயிர் பிரிந்தது. காங்கிரசில் வாழ்ந்தவர், தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையில் இருந்த கோபத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எல்லாரும் எழுதும் கணக்கு 76 நாள். தேதியை விரல்விட்டு எண்ணினால் 79 வருகிறது. மதுரைக்குத் தூக்கிப்போனதோடு கணக்கை நிறுத்தியிருப்பார்கள் என்பது என் ஊகம். மூன்று நாள் பட்டினியை வரலாறு தள்ளுபடி செய்துவிட்டது.

மொழிவழி மாநிலம் நவம்பர் 1இல் பிறந்தது. பெயர் மட்டும் பழையபடி. காமராஜரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பள்ளிக்கூடங்களைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் அவர். ஆனாலும் சொந்த ஊர் மைதானத்தில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தபோது அவர் அரசு இறங்கிவரவில்லை என்பதை விருதுநகர்க்காரன் எவனும் மழுப்ப முடியாது.

1967 பொதுத்தேர்தலில் இந்த ஊர் காமராஜரை 1,285 வாக்கில் தோற்கடித்தது. வென்றவர் மாணவர் தலைவர் சீனிவாசன். அதே ஆண்டு ஜூலை 18இல் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த முறை காமராஜர் வீட்டுக்கு வந்தால், மைதானத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். புரோட்டாக் கடை எப்படியும் சாயங்காலம்தான் களைகட்டும்.

(தொடரும்)